ஹெக்கோட்டில் இன்று இரவு நாடகம்

பெங்களூரிலிருந்து இரவில் புறப்படும் தாளகுப்பா ரயில், விடிகிற நேரத்துக்குச் சாகர ஊரைத் தொடும். நிலையத்துப் பெயர்ப்பலகையில் ‘சாகர ஜம்பகாரு’ என்று எழுதியிருக்கும். இன்னும் சில கிலோமீட்டர் போனால் தாளகுப்பாவோடு தண்டவாளமே முடிந்துவிடுகிறது. ஜோக் அருவி பார்க்கப் போகிறவர்கள் அதுவரை போவார்கள். நானும் என் அத்தை மகனும் சாகரத்திலேயே இறங்கிக்கொண்டோம். அவன் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன். கன்னடம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எனக்குத் தெரிந்தது கடைவீதிக் கன்னடம் மட்டும்தான்.

அக்டோபர் மாதம். மழை விட்டும் விடாமலும் இருந்தது. பேருந்து நிலையத்தில் இட்லியும் காபியும் முடித்துக்கொண்டு உள்ளூர்ப் பேருந்தில் ஏறினோம். “ஹெக்கோடு, ரெண்டு” என்றதும் நடத்துநர் எங்கள் முகத்தையும் பைகளையும் பார்த்துவிட்டு, “நாடகக்கா?” என்று கேட்டார். நாடகத்துக்கா என்று அர்த்தம். வெளியூர்க்காரனைப் பார்த்தால் கோயிலுக்கா, அருவிக்கா, கல்யாணத்துக்கா என்று கேட்கிற நடத்துநர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாடகத்துக்கா என்று ஒருவர் கேட்டு அன்றுதான் முதன்முதலாகக் காதால் கேட்டேன். அந்த ஒரு சொல்லுக்காகவே அவ்வளவு தூரம் வந்தது தகும் என்று பட்டது.

ஹெக்கோடு, சாகரத்திலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர். சிவமொக்கா மாவட்டத்தின் மலைநாட்டுப் பகுதி. சாலை ஏறி இறங்கி வளைந்து போகிறது. பள்ளத்தில் பாக்குத் தோப்பு, அதற்கு மேலே சரிவில் காடு, மறுபடி பள்ளம், மறுபடி தோப்பு. சரிவுக் காட்டை ‘பெட்ட’ என்கிறார்கள். பாக்கு மரத்துக்கு அடியுரமாகப் போடுகிற தழை அங்கிருந்து வருகிறது. பாக்கு அவர்களுக்கு ‘அடிக்கெ’. நம் பழைய சொல்லான அடைக்காய்தான் அது. அறுவடை தொடங்கும் பருவம். வீட்டு முற்றங்களில் குலைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பச்சைப் பாக்கை உரித்து, வேகவைத்து, பழைய பாக்குச் சாற்றில் தோய்த்து நிறமேற்றி, பந்தல் மேல் பரப்பிக் காயவைக்க வேண்டும். உரிப்பது பெரும்பாலும் பெண்கள். இரவு வெகுநேரம் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. அந்த வேலைக்கு நடுவிலும் அந்த ஊர் நாடகம் பார்க்க வருகிறது.

பேருந்து நின்ற இடத்தில் சில கடைகளும் சில வீடுகளும். ஊர் அவ்வளவுதான். சற்றுத் தள்ளி நடந்தால் ஒரு வாசல். உள்ளே மரங்களுக்கு நடுவே நீனாசம்: அரங்கம், பள்ளி, விடுதி, உணவுக்கூடம், நூலகம். வாசலருகே கரும்பலகை ஒன்றில் சுண்ணக்கட்டியால் அன்றைய நாடகத்தின் பெயர், எழுதியவர், மொழிபெயர்த்தவர், இயக்கியவர், மாலை ஏழு மணி என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அடுத்த நாள் நாடகம். சினிமாக் கொட்டகைச் சுவரொட்டியைப் பார்ப்பதுபோல, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் நின்று அதைப் படித்துவிட்டுப் போனார்கள்.

நீனாசம் என்பது ஸ்ரீ நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம் என்ற பெயரின் சுருக்கம். நீலகண்டேஸ்வரர் அந்த ஊர்ச் சாமி. 1949இல் அந்த ஊர் இளைஞர்கள் கூடித் தொடங்கிய நாடகக் குழு இது. தொடக்கத்தில் மற்ற ஊர்க் குழுக்களிலிருந்து பெரிதாக வேறுபட்டதில்லை. தோட்டக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் கடைக்காரர்களும் பகலில் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டு, இரவில் வசனம் பாடம் செய்து நடித்தார்கள். நம் ஊர்களில் பொங்கலுக்கு ‘சமூக நாடகம்’ போட்ட இளைஞர் மன்றங்களை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நம் மன்றங்கள் பத்துப் பதினைந்து வருடங்களில் கலைந்துபோயின. இது முக்கால் நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. எதனால் நிற்கிறது என்பதைப் பார்க்கத்தான் நான் போனேன்.

முதல் காரணம் கே.வி. சுப்பண்ணா. 1932இல் இந்தப் பக்கத்துப் பாக்குத் தோட்டக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். மைசூரில் படித்தார், கவிஞர் குவெம்புவின் மாணவர். படித்து முடித்தவர்கள் மைசூரிலோ பெங்களூரிலோ தங்கிவிடுகிற காலத்தில் ஊருக்குத் திரும்பினார். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார், மொழிபெயர்த்தார், கட்டுரை எழுதினார், ‘அக்ஷர பிரகாசன’ என்ற பதிப்பகத்தை நடத்தினார். கன்னட நவீன இலக்கியத்தின் முக்கியமான நூல்கள் பல அந்தச் சிற்றூர் முகவரியிலிருந்து வெளிவந்தன. 1991இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 2005இல் காலமானார். கடைசிவரை ஹெக்கோட்டுக்காரராகவே இருந்தார்.

இரண்டாவது காரணம் அந்த மண். சாகரத்துக்குப் பக்கத்தில் காகோடு என்று ஒரு கிராமம். 1951இல் அங்கே குத்தகை விவசாயிகள் நிலவுரிமைக்காகப் போராடினார்கள். சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா நேரில் வந்து கைதானார். சோஷலிஸ்ட் சிந்தனை அந்த வட்டாரத்து இளைஞர்கள் பலரைப் பிடித்துக்கொண்ட காலம். உழுகிறவனுக்கு நிலம் உண்டு என்றால் உழுகிறவனுக்கு ஷேக்ஸ்பியரும் உண்டு, காளிதாசனும் உண்டு என்று சுப்பண்ணாவின் தலைமுறை நம்பியதை அந்தப் பின்னணியில் வைத்தால்தான் புரிந்துகொள்ள முடியும். கிராமத்தானுக்கு இதெல்லாம் புரியாது என்ற பேச்சை அவர்கள் ஏற்கவே இல்லை.

அரங்கம் 1972இல் கட்டப்பட்டது. நாவலாசிரியர் சிவராம காரந்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆடம்பரம் எதுவும் இல்லாத கட்டடம். உள்ளே போய் மேடையைப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். அகலமும் ஆழமும் உள்ள மேடை, பக்கவாட்டில் நடிகர்கள் நிற்கவும் ஓடவும் இடம், மேலே விளக்கு கட்டத் தக்க அமைப்பு, கடைசி வரிசையிலிருந்தும் மேடை மறைக்காத சரிவு. நாடகம் தெரிந்தவர்கள் கூட இருந்து கட்டியது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் நாடகம் போட்டு அல்லல்பட்டவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் ஆறடி இடம் இருந்தால் அவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அரங்கம் வந்த மறுவருடம், 1973இல், திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கியவர் பி.கே. நாயர். அவர் ஹெக்கோட்டுக்குப் படங்களை அனுப்பினார். புனே திரைப்படக் கல்லூரிப் பேராசிரியர் சதீஷ் பகதூர் வந்து சினிமாவை எப்படிப் பார்ப்பது என்று பாடம் எடுத்தார். ‘பதேர் பாஞ்சாலி’, ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, ‘ரஷோமான்’ போன்ற படங்களைப் பாக்குத் தோட்டக்காரர்களும் கூலி வேலை செய்கிறவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். நாயரைப் பற்றி 2012இல் வந்த ‘செல்லுலாய்ட் மேன்’ ஆவணப்படத்தில் ஹெக்கோட்டு விவசாயிகள் அந்த நாட்களை நினைத்துப் பேசுகிற பகுதி இருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து இந்த ஊருக்கு வர வேண்டும் என்று எனக்கு இருந்தது.

தேநீர்க் கடையில் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் என் அத்தை மகன் பேச்சுக் கொடுத்தான். எழுபத்தைந்து வயது இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு. அரை ஏக்கர் தோட்டம் இருப்பதாகச் சொன்னார். அந்தப் படங்களைப் பார்த்தீர்களா என்று கேட்டதும் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். சைக்கிள் தொலைந்த படத்தைச் சொன்னார். கடைசியில் அப்பா வேறொருவன் சைக்கிளைத் திருடிக்கொண்டு ஓடுகிறான், ஜனங்கள் பிடித்து அடிக்கிறார்கள், பையன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த இடத்தைச் சொல்லும்போது அவர் தம் வலது கையை நீட்டி, பக்கத்தில் நிற்கும் சிறுவனின் கையைப் பிடிப்பதுபோல விரல்களை மடக்கிக் காட்டினார். படம் பார்த்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். இத்தாலி எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கை அப்படியே என் கண்ணில் நிற்கிறது.

நாடகக் குழுக்கள் நடிகர்களைத் தேடும். நீனாசம் பார்ப்பவர்களை வளர்த்தது. நான் அங்கே கண்டுகொண்டது இதைத்தான். படம் காட்டினார்கள், அதைப் பற்றிப் பேசினார்கள். நாடகம் போட்டார்கள், மறுநாள் காலையில் அந்த நாடகத்தைப் பற்றிக் கூடிப் பேசினார்கள். ஆண்டுதோறும் அக்டோபரில் கலாசார முகாம் நடத்துகிறார்கள். மாணவர்கள், வங்கி ஊழியர்கள், இல்லத்தரசிகள், விவசாயிகள் எனப் பலரும் தங்கிக் கேட்கிறார்கள். பகலில் உரையும் விவாதமும், இரவில் நாடகமோ இசையோ. இதே மாவட்டத்தில் பிறந்த எழுத்தாளர் யு.ஆர். அனந்தமூர்த்தி பல ஆண்டுகள் வந்து பேசியிருக்கிறார். ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு அது எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு கூலித் தொழிலாளி எழுந்து நின்று சொல்லக்கூடிய இடம் அது. இப்படி ஒரு கூட்டம் எதிரில் இருக்கும்போது எந்த நடிகனும் ஏனோதானோவென்று நடித்துவிட்டுப் போக முடியாது.

1980இல் நாடகப் பள்ளி வந்தது. ஒரு வருடப் பட்டயப் படிப்பு, முழுவதும் கன்னடத்தில். கர்நாடகத்தின் மூலைமுடுக்குகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். காலையில் உடற்பயிற்சியில் தொடங்கி, பாட்டு, ஆட்டமும் பாட்டும் சேர்ந்த நாடக வடிவமான யட்சகானம், வரலாறு, ஒப்பனை, விளக்கு, தச்சு வேலை என்று நாள் முழுவதும் ஓடுகிறது. ‘காந்தாரா’ படம் பார்த்தவர்களுக்கு அதில் ஊர்ப் பெரிய மனிதராக வரும் அச்யுத் குமாரைத் தெரிந்திருக்கும். அவர் இங்கே படித்தவர். இன்னொரு கன்னட நடிகர் ‘நீனாசம் சதீஷ்’ என்று பள்ளியின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறார். படித்து முடித்தவர்களில் பலர் சினிமாவுக்குப் போகாமல் பள்ளிக்கூடங்களில் நாடக ஆசிரியர்களாகவும் சிறு ஊர்களில் குழு நடத்துகிறவர்களாகவும் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது.

பள்ளியில் தயாராகிறவர்கள் நடிப்பதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? அதற்காக 1985இல் ‘திருகாட்ட’ தொடங்கப்பட்டது. கன்னடத்தில் திருகாட்ட என்றால் சுற்றித் திரிவது. நம்முடைய ‘திரி’யும் அதுவும் ஒரே வேர். ஆண்டுக்கு ஒரு குழு. பெரும்பாலும் இங்கே படித்து முடித்த இளைஞர்கள். மழைக்காலம் முழுக்க ஹெக்கோட்டிலேயே தங்கி இரண்டு மூன்று நாடகங்களை ஒத்திகை பார்க்கிறார்கள். மழை ஓய்ந்ததும் சொந்த ஊர் அரங்கில் முதல் காட்சி. பிறகு மாதக்கணக்கில் கர்நாடகம் முழுவதும் சுற்றுகிறார்கள். பெரிய நகரங்களைவிடத் தாலுகா ஊர்கள்தான் அதிகம். அந்தந்த ஊரில் ஒரு கல்லூரியோ இளைஞர் சங்கமோ நாடக ரசிகர்கள் குழுவோ அரங்கத்துக்கும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்யும். ஆகவே அடுத்த மாதம் நம் ஊருக்குத் திருகாட்ட வருகிறது என்று கர்நாடகத்தின் ஏதோ ஒரு சிற்றூரில் எப்போதும் யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

நாங்கள் போனது முதல் காட்சிகளின் நேரம். பகலில் ஒத்திகையைப் பார்க்க அனுமதித்தார்கள். ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், மேடையின் வலது ஓரத்திலிருந்து நடந்து வந்து ஒரு முக்காலியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் காட்சி. உட்கார்ந்தாள். இயக்குநர் தலையசைத்தார். மறுபடி நடந்து வந்து உட்கார்ந்தாள். ஏழெட்டு முறை ஆயிற்று. பிறகு அவர் எழுந்து போய் அவளிடம் ஏதோ மெல்லிய குரலில் சொன்னார். அடுத்த முறை அவள் முக்காலியருகே வந்ததும் உட்காருவதற்கு முன் அதன் விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். அந்த முக்காலி அவள் வீட்டுப் பழைய முக்காலி ஆகிவிட்டது. இரவில் நாடகத்தில் அந்தக் கணம் வந்தபோது எனக்கு முன் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டதைப் பார்த்தேன்.

மாலை ஆறரைக்கே கூட்டம் சேரத் தொடங்கியது. மோட்டார் சைக்கிளில் குடும்பமாக வந்தார்கள். டார்ச் விளக்கோடு தோப்பு வழியாக நடந்து வந்தார்கள். ஒரு ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பேர். சிலர் கையில் பாக்குக் கறை அப்படியே இருந்தது. அனுமதிச் சீட்டு, ஒரு சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு. மூன்றாம் மணி அடித்ததும் பேச்சு அடங்கியது. யாரும் மேடையேறிப் பொன்னாடை போர்த்தவில்லை, வரவேற்புரை இல்லை. விளக்கு அணைந்தது, நாடகம் தொடங்கியது.

கன்னடம் தெரியாமல் எப்படிப் பார்த்தாய் என்று ஊருக்குத் திரும்பியதும் பலர் கேட்டார்கள். தமிழ்க் காதுக்கு ஒரு சாவி இருக்கிறது. நம் சொல்லின் முதலில் வரும் ‘ப’ அங்கே பல இடங்களில் ‘ஹ’ ஆகிவிடும். பால், ஹாலு. பூ, ஹூ. பகல், ஹகலு. பள்ளி, ஹள்ளி. பாட்டு, ஹாடு. இதை என் அத்தை மகன் ரயிலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தான். முதல் கால் மணி நேரம் சொல் சொல்லாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு திருப்புவதை விட்டுவிட்டேன். மனிதர்கள் கோபப்படுவதும் கெஞ்சுவதும் பொய் சொல்வதும் தானாகவே வந்து சேர்ந்தன.

கன்னட நாடகத்தோடு நமக்குள்ள உறவு சொல்லோடு நின்றுவிடுவதும் இல்லை. நவீன கன்னட நாடகத்தின் முன்னோடியான டி.பி. கைலாசம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ‘கோகுல நிர்கமன’ எழுதிய கவிஞர் பு.தி. நரசிம்மாச்சார் மேல்கோட்டை ஐயங்கார். வீட்டில் பேசியது தமிழ். அந்த இசை நாடகத்தை பி.வி. காரந்த் நீனாசத்துக்காக இயக்கினார். கன்னட மேடையில் இன்றும் பேசப்படுகிற அரங்கேற்றம் அது. சிறுவயதில் வீட்டை விட்டு ஓடிப்போய் குப்பி வீரண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பின்னாளில் டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கே இயக்குநரான மனிதர் காரந்த். நம் பாய்ஸ் கம்பெனிக் கதைகளைப் படித்தவர்களுக்கு அவர் அந்நியராகத் தோன்ற மாட்டார்.

நாடகம் முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகும் நாங்கள் அரங்கிலேயே இருந்தோம். மேடையைப் பிரிக்கத் தொடங்கினார்கள். இதைத்தான் நான் அரைமணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தேன். சற்று முன் அரசனாக நின்றவர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனரோடு வந்தார். அரண்மனையாக நின்றது எட்டு மரச்சட்டங்களும் நான்கு பலகைகளும். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் வெள்ளைப் பெயிண்டில் எண். ஒன்றும் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. இரண்டும் மூன்றும் சேரும் இடத்தில் நீலப் பொட்டு. நள்ளிரவில் தெரியாத ஊரில் இறங்கினாலும் தப்பாமல் பூட்டுவதற்கு அந்த ஏற்பாடு. மறையும் போல்ட்டும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். விளக்குகளுக்கு மரப்பெட்டி, உள்ளே சாக்குத் துணி. உடைகளை வியர்வையோடு மடிக்காமல் கொடியில் போட்டார்கள். முக்காலியில் உட்கார்ந்த பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்ல, மற்றவர்கள் “இதே” என்றார்கள். ‘இருக்கிறது’ என்று அர்த்தம். வாள் இரண்டு, இதே. குடை ஒன்று, இதே. மண் விளக்கு நான்கு, மூன்றுதான் இருந்தது; நாலாவது கிடைக்கிறவரை யாரும் சாப்பிடப் போகவில்லை.

மறுநாள் பக்கத்து பீமனகோணெ கிராமத்துக்கு நடந்தோம். நாடக இயக்குநர் பிரசன்னா அங்கே கிராமத்துப் பெண்களைக் கொண்டு ‘சரக’ என்ற கைத்தறிக் கூட்டுறவை உருவாக்கியிருக்கிறார். பாக்குச் சாறு உட்பட இயற்கைச் சாயங்களில் தோய்த்த துணிகள். நூல் காயப் போட்டிருந்த முற்றத்தைப் பார்த்தபோது, ஒரு நாடக அரங்கம் ஊருக்குள் எவ்வளவு தூரம் வேர் ஓட முடியும் என்பது புரிந்தது. இக்கேரிக் கோயிலுக்கும் போனோம். கெளதி நாயக்கர்களின் பழைய தலைநகர், சாகரத்திலிருந்து சிறிது தூரம்தான். நல்ல கோயில். ஆனால் என் மனம் ஹெக்கோட்டிலேயே இருந்தது.

மேடைக் கலை கர்நாடகத்தில் ஓர் ஊரோடு நிற்கவில்லை. சித்ரதுர்கா மாவட்டத்தில் சாணேஹள்ளி என்ற கிராமத்தில் ஒரு மடாதிபதி, பண்டிதாராத்ய சுவாமிகள், நாடகப் பள்ளியும் ‘சிவ சஞ்சார’ என்ற சுற்றும் குழுவும் நடத்துகிறார். ஆண்டுதோறும் அங்கே நாடக விழா. சிர்சியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மாரிகாம்பா திருவிழாவில் கம்பெனி நாடகக் கொட்டகைகள் எழும்பும். மழை நின்றால் கடலோரமெங்கும் யட்சகானக் குழுக்கள் கிளம்பிவிடும். ஒன்றைப் பார்த்துப் பழகிய கண் இன்னொன்றையும் தேடிப் போகும் போலிருக்கிறது.

இதையெல்லாம் எழுதும்போது என் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம். எங்கள் பக்கத்தில் நாடகம் செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புதுக்கோட்டை, மதுரை, காரைக்குடி என நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவருடைய ‘வள்ளி திருமணம்’ இன்றும் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. அந்தக் கலைஞர்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு மேடையே இல்லை. நான் வருந்துவது இன்னொன்றுக்காக. ஊர்க்காரர்களே நடித்த நாடகம் போய்விட்டது.

என் அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் நடித்தார். வயலில் வேலை முடித்துவிட்டு வந்து அரிக்கேன் வெளிச்சத்தில் வசனம் பாடம் செய்வார். அம்மா சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிடித்துச் சரி பார்ப்பார். ரோஸ் நிறத் தாளில் நோட்டீஸ் அச்சாகும். ‘சமூக சீர்திருத்த நாடகம், அனைவரும் வருக’ என்று போட்டு, நடிப்பவர்கள் பெயர் வரிசையாக இருக்கும். சீன் படுதா வாடகைக்கு வரும். அப்பாவுக்கு எப்போதும் போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் முதலில் படித்தது நோட்டீஸில் அவர் பெயரைத்தான்.

அப்போது மேடை என்றால் நாலு மாட்டு வண்டியை நிறுத்தி மேலே பலகை போட்டது. இப்போது எங்கள் ஊரில் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிய காங்கிரீட் கலையரங்கம் இருக்கிறது. முகப்பில் பெயரும் திறந்துவைத்த தேதியும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். முன்பக்கத்தில் ஷட்டர் இறக்கிப் பூட்டியிருக்கிறது. உள்ளே நெல் மூட்டையும் பழைய நாற்காலிகளும். தமிழ்நாட்டில் எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு கலையரங்கம் கண்ணில் படும். கட்டடம் நம்மிடம் ஹெக்கோட்டைவிட அதிகமாகவே இருக்கிறது. நடிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கைப்பேசியில் அரை நிமிடத்துக்கு என்னமாய் நடித்துத் தள்ளுகிறார்கள் நம் பிள்ளைகள்! அவர்களை இரண்டு மாதம் ஒத்திகையில் உட்கார வைத்து, ஊரை எதிரே உட்கார வைக்க ஒருவர் வேண்டும். சுப்பண்ணா போன்றவர் ஊருக்கு ஊர் பிறக்க மாட்டார் என்பது உண்மை. ஆனால் 1949இல் அவருக்கே வயது பதினேழுதான். கூட இருந்தவர்கள் சாதாரண ஊர்க்காரர்கள்.

ஹெக்கோட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு: அக்டோபர் நல்ல மாதம். கலாசார முகாமில் தங்கிக் கேட்க விரும்பினால் முன்கூட்டியே எழுதி இடம் கேட்க வேண்டும். இரவில் குளிரும், கம்பளி வேண்டும், டார்ச் வேண்டும். நாடகம் மட்டும் பார்க்கப் போனாலும் மறுநாள் காலை நடக்கிற பேச்சுக்கு இருந்துவிட்டு வாருங்கள். திருகாட்ட அந்த ஆண்டு எந்தெந்த ஊர்களுக்குப் போகிறது என்று அங்கேயே விசாரிக்கலாம். பெங்களூரிலோ மைசூரிலோ இருக்கிற தமிழர்கள் பக்கத்து ஊருக்கு வரும்போது போய்ப் பார்க்கலாம்.

போக முடியாதவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் ஊர்க் கலையரங்கத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.